கொம்பில் சுற்றிய கயிறு

துறையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாவது படித்த வருஷம், விஞ்ஞான வாத்தியார் ஒருநாள் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கண்கள் இரண்டை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தார். சவரக் கத்தியால் ஒன்றை அறுத்து மேஜைமேல் விரித்தார். உள்ளே, பின்சுவரில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு பூச்சு மின்னியது. இருட்டில் ஆட்டின் கண்ணும் மாட்டின் கண்ணும் பளபளப்பது இதனால்தான், கொஞ்சமாக வருகிற வெளிச்சத்தை இது திருப்பி அனுப்பி இன்னொரு தரம் பார்க்க வைக்கிறது, மனிதனுக்கு இது கிடையாது என்றார். பிறகு கண்ணுக்குள்ளிருந்து கண்ணாடிபோல் தெளிந்த ஓர் உருண்டையை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துக் கெட்டிப்பட்டது.

“இதுதான் புரை. வயசான மனுஷனுக்குக் கண்ணுக்குள்ளேயே, நெருப்பில்லாமலே இப்படி ஆகிவிடும்” என்றார்.

பெஞ்சில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திருப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்திலிருந்து இறங்கிவந்து, தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டு படித்தவன். வாத்தியார் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். துரத்தப்படுகிற பிராணிகளுக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கும். ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். துரத்துகிறவற்றுக்கு இரண்டும் முன்னால் இருக்கும். பாய வேண்டிய தூரத்தை அளக்கும். கண்ணைப் பார்த்தாலே அந்தப் பிராணி எங்கே பிழைக்கிறது, யாருக்குப் பயந்து பிழைக்கிறது என்று சொல்லிவிடலாம். பக்கவாட்டில் கண் உள்ள பிராணிக்கு மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. அந்த இடத்தில் அது குருடு.

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கோடுகளும் இருக்கின்றன.

பரீட்சை முடித்து மலைக்குத் திரும்பினேன். மேலே படிக்க வழியில்லை. கையில் வேலை இல்லாத அந்த நாட்களில், படித்ததை வீட்டுப் பிராணிகளிடம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டின் கண்மணி நீட்டிப் படுத்த ஒரு கோடு. அது மேயக் குனியும்போது தலை கீழே போகிறதே, கோடும் சாய வேண்டுமே என்று யோசித்து, புல்லில் குப்புறப் படுத்து அதன் முகத்துக்கு எதிரே முகம் வைத்துப் பார்த்தேன். தலை சாய்ந்தது, கோடு சாயவில்லை. கண் குழிக்குள்ளேயே திரும்பித் தரைக்குச் சமமாக நின்றது. மேய்கிறபோதும் தூரத்துக் காட்டோரத்தைப் பார்த்துக்கொண்டுதான் மேய்கிறது.

“படிக்க அனுப்புனா, ஆட்டு மூஞ்சியில என்னத்தடா தொலச்சுப்போட்டுத் தேடற?” என்றாள் அம்மா. சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணப் பாக்கறேனுங்கம்மா.”

“அது உன்னையப் பாத்துச் சிரிக்குது.”

பூனையின் கண்மணி வெயிலில் செங்குத்தாக நிற்கிற கோடு. கோழி தூங்கும்போது கீழ் இமை மேலே ஏறி மூடுகிறது. பள்ளத்துக்கு மேலே வட்டமிடுகிற வல்லூறு, அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் கோழிக்குஞ்சைப் பார்த்தது. என்னால் அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கடைசியாக எங்கள் பொதிமாட்டிடம் வந்தேன்.

அது செவலை. எங்கள் மலைக்கு ரோடு கிடையாது. மேலே விளைவது கீழே போக வேண்டுமென்றால் ஆள் தலையிலோ மாட்டு முதுகிலோதான் போக வேண்டும். செவலை ஏழு வருஷமாக, அடிவாரத்துக்குப் போகிற புளியஞ்சோலைப் பாதையில் ஏறி இறங்கிய மாடு. அதன் பெரிய கறுத்த விழிக்குள், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, நீலம் பாய்ந்த ஒரு படுக்கைக் கோடு. அப்பா பக்கத்தில் நின்று அதன் கழுத்தில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார். மாட்டுக் கண்ணையும் மனிதக் கண்ணையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசையில் அவரைக் காலை வெயிலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினேன்.

“என்னடா, சந்தையில மாடு பாக்கற மாதிரி பாக்கற? பல்லையும் புடிச்சுப் பாப்பியா?” என்று வாயைத் திறந்து காட்டினார்.

நான் சிரிக்கவில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய வட்டம் அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. இரண்டு கண்ணிலும். வெந்நீரில் வெளுத்த அந்த உருண்டை என் முன்னால் நின்று, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அப்பா உண்ணியைப் பார்த்துப் பொறுக்கவில்லை. விரலால் தடவிப் பொறுக்கினார். வருகிற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் காலடிச் சத்தம் இரண்டு கேட்கும்வரை பேசாமலிருந்தார். பாதையில் போகும்போது எப்போதும் செவலைக்குப் பின்னால், பொதி கட்டிய கயிற்றில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். ஊரில் எல்லோரும் அதை மாட்டின்மேல் உள்ள பாசம் என்று நினைத்தார்கள். நானும்.

அம்மாவிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“எனக்குத் தெரியாதா சாமி? ரெண்டு வருசமா சோத்துல கைய வெச்சுத்தான் கொழம்பத் தேடறாரு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா? குருடன்னு சொல்லி மூலையில உக்கார வெப்பாங்க. இப்பக் குருடன்னு யாருக்கும் தெரியாது, நடக்கறாரு. மாடு இருக்குது, போறாரு, வாராரு. உனக்கு வேற என்ன வேணும்?”

எனக்கு வேண்டியது இருந்தது. அப்பாவுக்குப் பார்வை வர வேண்டும். அது வருகிற வழி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். வாத்தியாருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. புரையை அறுத்து எடுத்துவிடலாம், கீழே ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, கண் டாக்டர் வருகிறார், மத்தியானத்துக்குள் வந்து பெயர் கொடுக்க வேண்டும், பத்து நாள் தங்க வேண்டியிருக்கும், அரிசி பருப்பு கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தார்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அறுத்து என்ற இடத்தில் தாடையைச் சொறிந்தார்.

“அறுத்தா வலிக்குமாடா?”

“மருந்து ஊத்துவாங்க. வலிக்காதுங்க.”

“நீ அறுத்துப் பாத்தியா?”

“ஆட்டுக் கண்ணு அறுத்தாங்க, பாத்தேனுங்க.”

“அந்த ஆடு இப்ப எப்படி இருக்குது?”

அம்மா அடுப்படியில் சிரித்தாள். ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே வந்து உட்கார்ந்தார். “போலாங் கண்ணு. ஆனா ஆளு கையப் புடிச்சுக்கிட்டு நான் எறங்க மாட்டேன். செவல வந்தா வாரேன்.”

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கத்தில் பொதிமாட்டை யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். மூக்கணாங்கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டு, மாட்டை முன்னால் விட்டு, ஆள் பின்னால் நடப்பார். போகிற வழியில் மாடு சட்டென்று நிற்கும். தலையைக் குனிந்து, மூக்கு மண்ணில் உரசுகிற அளவுக்குக் கொண்டுபோய், மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். ‘மண்ணக் கேக்குது’ என்பார்கள். கேட்டு முடிக்கும்வரை பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். தலையில் பலாப்பழம் இருந்தாலும் நிற்க வேண்டும். அதட்டக் கூடாது, தட்டக் கூடாது. பிறகு அது தானாகக் கால் எடுத்து வைக்கும்.

திங்கட்கிழமை ராத்திரி மழை தூறியது. செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வந்ததும் புறப்பட்டோம். செவலை முதுகில் இரண்டு பக்கமும் சாமை அரிசியும் விறகும் ஒரு பானையும். அப்பா பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவருக்குப் பின்னால்.

அவ்வளவு தரம் அது நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாதை காட்டுக்குள் நுழைந்ததும் மரங்களுக்கிடையே வெயில் துண்டு துண்டாக விழுந்தது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் செவலை நின்றது. குனிந்தது. மூச்சு விட்டது. அப்பாவும் நின்றார். அவர் முகத்தில் அவசரமே இல்லை. வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி நின்றார். எனக்கோ சூரியன் ஏறுவது முதுகில் தெரிந்தது. மத்தியானத்துக்குள் போகவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம். ஒரு வாரத்தில் அவர் மனசு மாறிவிடும். எனக்கு அவரைத் தெரியும்.

பாதி இறங்கியிருப்போம். வலது கைப்பக்கம் பாறை, இடது கைப்பக்கம் இரண்டு பனை ஆழத்துக்கு ஓடை. பாதையில் படி மாதிரி மூன்று கல். முதல் கல்லில் நிழல், நடுக்கல்லில் கண் கூசுகிற வெயில், அடுத்ததில் மறுபடி நிழல். செவலை நின்றது. குனிந்தது. அசையவே இல்லை.

“அதுக்கு அந்த நெழலு குழி மாதிரித் தெரியுதுங்கப்பா” என்றேன். “கண்ணு ரெண்டும் பக்கத்துல இருக்குதில்லீங்களா, மூக்குக்கு நேரா இருக்கறது அதுக்குத் தெரியாது. படிச்சிருக்கேனுங்க. குழியே இல்ல. வெறும் நெழலுதான்.”

“சரி. அது பாத்துக்கட்டும்.”

“எவ்வளவு நேரமுங்க?”

“அது பாக்கற நேரம்.”

அவரைத் தாண்டி, பாறையை ஒட்டி, முன்னால் போனேன். மூக்குக்கு நேரே அது குருடு. அப்படியானால் அதற்கு நான் கண்ணாக இருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதானே? அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கொம்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

“கயித்த எடுத்தியா?”

“இல்லீங்க.”

“கொம்புலதான இருக்குது?”

“கொம்புலதாங்க இருக்குது.”

நான் அவரிடம் அதற்கு முன்பு பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தோடு சொன்ன பொய்கள் அவை. இது அவருக்குக் கண் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னது.

இழுத்தேன். செவலை தலையைத் தூக்கியது. மூக்கில் கயிறு இறுகினால் மாடு தலையைத் தூக்கத்தான் செய்யும். வலியிலிருந்து தப்ப வேறு வழி கிடையாது. தலை தூக்கியதும் அதன் கால் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாமல் போயிற்று. இதை நான் பிறகு யோசித்து அறிந்துகொண்டேன். மூக்குக்கு முன்னால் தெரியாது என்பது உண்மைதான். அதனால்தான் குனிகிறது. குனிந்தால் இரண்டு கண்ணும் தரையில் சேர்கின்றன. நிழலா குழியா, ஆழம் எவ்வளவு என்பது தெரிகிறது. சமவெளியில் புல் மேய்கிறதற்கு அமைந்த கண்ணை வைத்துக்கொண்டு மலையில் இறங்க அந்த மாடு தானாகக் கண்டுபிடித்த வழி அது. வாத்தியார் பாதி சொன்னார். மீதி ஏழு வருஷமாக எங்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டிக் கிடந்தது.

முன்னங்கால் நடுக்கல்லின் ஓரத்தில் வழுக்கியது. மழை ஈரம். பானை பாறையில் மோதி உடைந்தது. என் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. உள்ளங்கையில் தோல் கிழிந்தது. அப்பா பிடித்திருந்த பொதிக் கயிறு இரண்டு அடி அவரை இழுத்தது. அவர் கயிற்றை விட்டுவிட்டு அந்த இடத்திலேயே சப்பென்று உட்கார்ந்தார். கால் தடுமாறினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மலையில் பிறந்த எல்லோருக்கும் உடம்பிலேயே இருக்கிறது. அதனால் அவர் பிழைத்தார்.

கீழே சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

“செவல” என்று கூப்பிட்டார் அப்பா. என்னைக் கூப்பிடவில்லை.

சுற்றி இறங்கி ஓடைக்குப் போனோம். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் தடவிக்கொண்டு, தானாகவே இறங்கினார். நான் கையை நீட்டியபோது அதைத் தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை. செவலை இரண்டு பாறைக்கு நடுவே பக்கவாட்டில் கிடந்தது. சாமை அரிசி தண்ணீரில் கொட்டிப் போய்க்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று இருக்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. விலா ஏறி இறங்கியது. நான் அதன் கண்ணைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்குப் பார்க்கத்தான் தெரிந்தது. படுக்கைக் கோடாக இருந்த கண்மணி மெதுவாக அகன்றுகொண்டே வந்தது. அகன்று வட்டமாகியது. உள்ளே, ஆழத்தில், மயில் கழுத்து நிறம் தெரிந்தது.

“பாக்குதாடா?” என்றார் அப்பா.

“இல்லீங்கப்பா.”

அவர் அதன் கழுத்தில் கையை வைத்தார். கழுத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கொம்புக்கு. இடது கொம்பை அடியிலிருந்து நுனிவரை தடவினார். பிறகு வலது கொம்பை. பிறகு மறுபடி இடது கொம்பை. அவர் விரல் மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து கயிற்றைப் பிடித்து, கயிறு போன வழியே தண்ணீருக்குள் நீளமாகப் போனது. நுனியைக் கண்டுபிடித்ததும் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“ஊட்டுக்குப் போலாம்” என்றார்.

“ஆஸ்பத்திரி—”

“போலாம் சாமி.”

ஏறுவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. என் தோளில் ஒரு கை வைத்துக்கொண்டு வந்தார். நான் எந்தக் கல் எவ்வளவு உயரம் என்று வாயால் சொல்லிக்கொண்டே போனேன். சொன்ன பிறகும் அவர் இடித்துக்கொண்டார். பெருவிரல் நகம் பெயர்ந்தது. செவலை இதையெல்லாம் வாயால் சொன்னதில்லை. அது நின்றபோது அவர் நின்றார், அது கால் வைத்த உயரம் கயிறு வழியாக அவர் கைக்கு வந்தது. அவ்வளவுதான். அதற்கு ஈடாக என்னிடம் எட்டு வருஷப் படிப்பு இருந்தது.

வாசலில் அம்மா மாட்டைத் தேடி எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தாள். தண்ணீர் எடுத்துவந்து நகத்தைக் கழுவினாள். மறுநாள் ஊர் ஆட்கள் இறங்கிப் போய்ச் செவலையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். அப்பாவின் கண்ணைப் பற்றி அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோயிற்று. “ஏனுங்க, இத்தன நாளா எங்களையெல்லாம் ஏமாத்திப்போட்டீங்களே” என்று ஒருவர் கேலியாகத்தான் சொன்னார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அம்மா சொன்னபடியே ஆயிற்று. அடுத்த வாரத்திலிருந்து அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அவர் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருந்த சுவரைத் தடவித் தடவி, மண் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வழவழப்பான கோடு விழுந்துவிட்டது.

டோலி கட்டித் தூக்கிப் போகிறோம் என்று நான்கு பேர் வந்தார்கள். மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன். அப்போதும் கோபப்படவில்லை. “வேற மாடு பழகட்டும். அப்பறம் எறங்கலாம்” என்றார். ஒரு கன்று பழகி, அந்தப் பாதையில் ஆள் நம்பி நடக்கிற மாடாக ஆவதற்கு மூன்று மழைக்காலமாவது வேண்டும். அதற்குள் புரை முற்றினால் கண் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடலாம், தாமதிக்க வேண்டாம் என்று வாத்தியார் எழுதினார். அதையும் படித்துக் காட்டினேன். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். “நல்லா எழுதியிருக்காரு” என்றார்.

இது நடந்து இரண்டு மழை போய்விட்டது. யுத்தம் வந்து, சீமெண்ணெய் கிடைக்காமல் ஊரே பொழுது சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு அதனால் வித்தியாசம் ஒன்றுமில்லை. போன தைவரை ஆள் வந்து நின்றால் அவருக்கு நிழலாடும். இப்போது அதுவும் இல்லை என்று அம்மா சொல்கிறாள். அவர் சொல்வதில்லை.

காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் இளங்காளை ஒன்றை ஓட்டிக்கொண்டு புளியஞ்சோலைப் பாதையில் பாதிவரை போய்த் திரும்புகிறேன். கறுப்பு மாடு. கொஞ்சம் மிரளும். முதுகில் வெறும் மண் மூட்டைதான். கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டுப் பின்னால் நடக்கிறேன். அது நிற்கிற இடத்தில் நானும் நிற்கிறேன். மூன்று கல் இருக்கிற இடத்தில் அது ரொம்ப நேரம் நிற்கும். குனியும். மூச்சு விடும். நான் ஓடையைப் பார்க்காமல் அதன் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திரும்பி வந்து கொட்டகைக்கு முன்னால் நிறுத்தியதும், குளம்புச் சத்தம் கேட்டு அப்பா சுவரோரமாக வருவார்.

“குனிஞ்சு பாத்துச்சா?”

“பாத்துதுங்க.”

“எத்தன தரம்?”

சொல்வேன். கேட்டுக்கொண்டே அவர் கையை நீட்டி மாட்டின் கழுத்தைத் தேடுவார். கழுத்திலிருந்து காதுக்கு, நெற்றிக்கு, கொம்புக்கு. கயிறு அங்கே சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றாகத் தொட்டுப் பார்ப்பார். தினமும். பார்த்து முடிக்கும்வரை நான் நிற்பேன்.